சாட்ஸ்வொர்த் வீட்டுப் பின்சுவர்: இரண்டு முறை கட்டிய கதை

நான் எஞ்சினியர் இல்லை. கொத்தனார் வீட்டுப் பெண், அவ்வளவுதான். அப்பா கடையநல்லூர்ப் பக்கம் கொத்தனார் வேலை பார்த்தார், இப்போது அண்ணன் மேஸ்திரி. கல்யாணமாகி தென்னாப்பிரிக்காவின் டர்பன் வந்து 14 வருடம் ஆகிறது. சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்தவள் ஒரு கான்ட்ராக்டரிடம் 24,000 ரேண்ட் விட்டேன் என்று எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதே தாங்குசுவர் வேலைக்கு ஆள் தேடுகிறவர்கள் எங்கள் தெருவிலேயே நாலு பேர் இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாசலில் நின்று கதை சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதிவிடுகிறேன்.

சாட்ஸ்வொர்த் தெரியாதவர்களுக்கு: டர்பனுக்குத் தெற்கே, 1960களில், இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தின்படி இந்தியர்களை அவரவர் இடத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து குடிவைத்த ஊர். சமதளம் என்பதே அபூர்வம். சரிவை வெட்டித் தட்டுத்தட்டாக வீடுகள், நம் கூரை உயரத்தில் பின்வீட்டுக்காரரின் துணிக்கொடி. எங்கள் வீட்டுப் பின்னால் 11 மீட்டர் நீளத்துக்கு ஒரு மண்வெட்டு. அதைத் தாங்க மாமனார் எப்போதோ ஞாயிற்றுக்கிழமைகளில் தானே கட்டிய செங்கல் சுவர் ஒன்று நின்றது. 2022 ஏப்ரல் 11ஆம் தேதி இரவு வரைக்கும் நின்றது.

அந்த மழையைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது, எங்கள் மாகாணமான குவாசுலு நட்டாலில் 400 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். நம் வீட்டில் சுவரும் துணி துவைக்கும் கல்லும்தான் போயின, அதற்கே கும்பிட வேண்டும். காலையில் பார்த்தால் சமையலறைக் கதவில் முக்கால் உயரத்துக்குச் செம்மண். இன்சூரன்ஸைக் கேட்டோம். எங்கள் பாலிசியில் எஞ்சினியர் வரைபடம் இல்லாத தாங்குசுவருக்குப் பணம் கிடையாது என்று ஒரு வரி இருந்திருக்கிறது. வீட்டில் ஒருத்தர்கூட அதைப் படித்ததில்லை.

சரி, கான்ட்ராக்டர். ஜூன் மாதம் மூன்று பேரிடம் விலை கேட்டோம். ஒருவர் 48,000 சொன்னார், ஒருவர் 87,000, இன்னொருவர் ஒரு லட்சத்து இருபதாயிரம். மூன்றும் ஒரே சுவருக்கு! இவ்வளவு வித்தியாசம் வந்தால் மூன்று பேரும் மூன்று வெவ்வேறு சுவர்களுக்கு விலை சொல்கிறார்கள் என்று அர்த்தம், அது அப்போது எனக்கு உறைக்கவில்லை. 48,000காரர் எங்கள் கோயிலுக்கு வருகிறவர். காவடிக்குப் பந்தல் வேலையெல்லாம் முன்நின்று செய்வார், அத்தைக்கு நாற்பது வருடப் பழக்கம். "நம்ம பையன்தானே" என்றார் அத்தை. அத்துடன் முடிந்தது. அவர் கொடுத்த கொட்டேஷன் ஒரு வரிதான்: பின்சுவர், பொருளும் கூலியும், 48,000, பாதி முன்பணம். பிளாக் என்ன தடிமன், கம்பி உண்டா, பின்னால் வடிகால் உண்டா, ஒரு வார்த்தை கிடையாது. நானும் கேட்கவில்லை. தெரிந்த மனிதரிடம் எழுதிக்கொடு என்று கேட்பது மரியாதை இல்லை என்று நினைத்தேன். எங்கள் அப்பா தெரிந்தவர் வீட்டு வேலைக்குத்தான் ஒரு நோட்டுக்கு இரண்டு நோட்டுப் போட்டுக் கணக்கு எழுதுவார், அது நினைவுக்கு வந்தது ஆறு மாதம் கழித்து.

அவர் ஆட்கள் ஒன்பதே நாளில் கட்டி முடித்தார்கள். 140 மில்லிமீட்டர் ஹாலோ பிளாக், உள்ளே வெற்றிடம், கம்பி இல்லை. அஸ்திவாரம் இரண்டு சாண் அகலம் இருக்கலாம், நான் வேலைக்குப் போய்விட்டு வருவதற்குள் கான்கிரீட் போட்டு மூடியிருந்தார்கள். கடைசி வரிசை வைத்த மறுநாள் காலை, கலவை இறுகக்கூட இல்லை, பழைய சுவர் இடித்த கட்டியையும் ஈரச் செம்மண்ணையும் சேர்த்துப் பின்னால் தள்ளினார்கள். முன்பக்கம் பூச்சு மட்டும் கண்ணாடி மாதிரி இருந்தது.

அன்று சாயங்காலம் பெருமையாக அண்ணனுக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினேன். அவன் பூச்சைப் பார்க்கவே இல்லை.

"ஏட்டி, பின்னாடி தண்ணி போக என்ன வழி வச்சிருக்கான்?"

"தெரியலையே அண்ணா."

"வீப் ஹோல் எங்க? ஒண்ணையும் காணோமே. கேமராவைக் கீழ காட்டு... இல்ல. தண்ணி எங்கிட்டுப் போகும்?"

வீப் ஹோல் என்றால் சுவருக்குப் பின்னால் சேர்கிற தண்ணீர் வெளியே வர வைக்கிற ஓட்டை. மறுநாள் அந்தக் கான்ட்ராக்டரிடமே கேட்டேன். இங்கே நம் ஆட்கள் தமிழர் என்றாலும் பேச்சு இங்கிலீஷில்தான், அதனால் அவர் சொன்னதன் சாரத்தைத் தருகிறேன்: முப்பது வருடமாகக் கட்டுகிறாராம், ஓட்டை வைத்தால் சுவர் அசிங்கமாகக் கறை பிடிக்குமாம், வேண்டுமானால் மேலே ஒரு காரை வாய்க்கால் போட்டு, வளைவுக் குழாய் வைத்து, பக்கத்தில் இருக்கிற சாக்கடைக் குழாயில் சேர்த்துவிடுவாராம், அதற்குத் தனியாக 3,500. சாக்கடையில் மழைநீரை விடக்கூடாது என்பது இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இரண்டும் தனித்தனிக் குழாய்கள், பெருமழையில் சாக்கடைக்குள் மழைநீர் புகுந்தால் தாழ்வான வீட்டுக் கழிவறையில் பொங்கும், முனிசிபாலிட்டி கண்டுபிடித்தால் அபராதம் நமக்கு. வேண்டாம் என்றேன். மீதிப் பணத்தைக் கொடுக்கவில்லை. அவரும் பிறகு போனை எடுக்கவில்லை. அக்டோபர் மழை தொடங்கி மூன்றாவது வாரத்தில் சுவர் நடுவில் வயிறு தள்ளிவிட்டது. தூக்குகுண்டு விட்டுப் பார்த்தேன், உச்சிக்கும் நடுவுக்கும் 70 மில்லிமீட்டர்.

இங்கே கொஞ்சம் கணக்குச் சொல்ல வேண்டும், இது புரிந்திருந்தால் நான் ஏமாந்திருக்க மாட்டேன். மண்ணைத் தாங்குவது ஒரு வேலை. மண்ணில் நிற்கிற தண்ணீரையும் சேர்த்துத் தாங்குவது வேறு வேலை. 1.8 மீட்டர் உயரத்துக்கு சுவருக்குப் பின்னால் தண்ணீர் தேங்கினால், தண்ணீரின் அழுத்தம் மட்டுமே சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 1.6 டன். எங்கள் 11 மீட்டருக்குக் கிட்டத்தட்ட 18 டன், மண் தள்ளுவது அதற்கு மேல். அதை 140 மில்லிமீட்டர் வெற்றுப் பிளாக் தாங்குமா? அத்துடன் எங்கள் பின்பக்கம் இருப்பது 'பெரியா' என்று இங்கே பெயர் சொல்கிற செம்மணல். டர்பனில் கடலோர மேடுகளில் கிடைக்கிற மண், இரும்புத் துருவினால் சிவப்பு. காய்ந்திருக்கும்போது செங்குத்தாக வெட்டினாலும் சுவர் மாதிரி நிற்கும், நம்பிவிடுவோம். தண்ணீர் புகுந்தால் சர்க்கரைக் கட்டி போல உதிர்ந்து ஓடிவிடும்.

இரண்டாவது தடவை என் வீட்டுக்காரர் கையைக் கழுவிவிட்டார். துறைமுகத்தில் ஷிஃப்ட் வேலை, அவருக்கும் நேரமில்லை. "நீ பார்த்துக்கொள், உனக்குத்தான் கட்டட ரத்தம்" என்றார். முதலில் கான்ட்ராக்டரைத் தேடாமல் எஞ்சினியரைத் தேடினேன். இங்கே எஞ்சினியர் கவுன்சிலில் பதிவு செய்த ஆளா என்று பதிவு எண்ணை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். அவர் வந்து, மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்து, வயிறு தள்ளிய சுவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, இரண்டு வாரத்தில் ஒரு வரைபடம் கொடுத்தார். 9,000 ரேண்ட் வாங்கினார். அந்த ஒரு தாள் கைக்கு வந்ததும் எல்லாம் மாறியது. அதையே நாலு கான்ட்ராக்டர்களுக்கு அனுப்பினேன், இந்த முறை விலைகள் 91,000த்துக்கும் 1,08,000க்கும் நடுவில் வந்தன. எல்லாரும் ஒரே சுவரைப் பற்றிப் பேசினார்கள் அல்லவா.

வரைபடம் முனிசிபாலிட்டிக்கும் போக வேண்டும். 500 சதுர மீட்டருக்குக் குறைவான கட்டட வேலை என்றால் 30 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்பது சட்டம். அதில் ஒரு காகிதம் குறைகிறது என்று திருப்பி அனுப்பினால் நாள் கணக்கு மறுபடி முதலிலிருந்து. எங்களுக்கு நவம்பரில் கொடுத்தது ஜனவரியில் கிடைத்தது. இடையில் பில்டர்ஸ் ஹாலிடே வேறு. டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி இரண்டாம் வாரம் வரை தென்னாப்பிரிக்காவில் எந்தக் கொத்தனாரையும் பிடிக்க முடியாது, ஊருக்குப் போய்விடுவார்கள். டிசம்பரில் வேலை தொடங்குகிறேன், முன்பணம் கொடுங்கள் என்று ஒருவர் சொன்னால், அவருக்குக் கிறிஸ்துமஸ் செலவுக்குப் பணம் வேண்டும் என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஆளை எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்பதுதான் எல்லாரும் கேட்பது. நாலு பேரிடமும் "நீங்கள் கட்டி இரண்டு மழைக்காலம் தாண்டிய சுவர் ஒன்றைக் காட்டுங்கள்" என்றேன். புதுச் சுவரின் போட்டோ எல்லாரிடமும் இருக்கிறது. இரண்டு பேர் பிறகு பேசவில்லை. ஒருவர் கூட்டிப்போன வீட்டம்மா எங்களைக் கண்டதும் சண்டைக்கு வந்துவிட்டார், பாவம், அந்தக் கான்ட்ராக்டர் தவறான வீட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டார். நாலாமவர் பக்கத்து ஷால்கிராஸில் ஒரு சுவரைக் காட்டினார். அழகாக இல்லை, வீப் ஹோலிலிருந்து கீழே கறை வழிந்திருந்தது. அந்தக் கறையைப் பார்த்ததும் முடிவு செய்துவிட்டேன். தண்ணீர் வெளியே வருகிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா?

வீடு கட்டுகிறவர்களைப் பதிவு செய்கிற அரசு அமைப்பான என்எச்பிஆர்சியில் பதிவு இருக்கிறதா என்று கேள் என்று எல்லாரும் சொல்வார்கள். கேட்கலாம், தப்பில்லை. ஆனால் அந்த உத்தரவாதம் புது வீட்டுக்கானது: மூன்று மாதத்துக்குள் சில்லறைக் குறைகள், ஒரு வருடம் கூரை ஒழுகல், ஐந்து வருடம் கட்டமைப்பு. பழைய வீட்டுக்குப் பின்னால் கட்டுகிற என் சுவருக்கு அது உதவவில்லை. எனக்கு உதவியது நாங்களே எழுதிய ஒன்றரைப் பக்க ஒப்பந்தம்தான்.

அதில் முக்கியமாக ஒன்றே ஒன்று. மண்ணுக்குள் மறையப்போகிற எதையும் நான் பார்த்து, போட்டோ எடுக்கும் முன் மூடக்கூடாது, மூடினால் தோண்டிக் காட்ட வேண்டும். பணமும் அதன்படியே கட்டம் கட்டமாக. முன்பணம் கிடையாது, அதற்குப் பதில் பொருளை நானே ஹார்ட்வேர் கடையில் வாங்கி இறக்கினேன், ரசீது என் பெயரில். குழி தோண்டிக் கம்பி கட்டி, முனிசிபாலிட்டி இன்ஸ்பெக்டரும் எஞ்சினியரும் பார்த்த பிறகு முதல் பணம். சுவர் எழும்பி உள்ளே கான்கிரீட் நிரப்பிய பிறகு இரண்டாவது. வடிகால் குழாய், ஜல்லி, துணி எல்லாம் வைத்து, மண் தள்ளுவதற்கு முன் மூன்றாவது. மண் நிரப்பிய பிறகு நாலாவது. பத்தில் ஒரு பங்கை நிறுத்திவைத்து, மூன்று மாதம் கழித்து. கூலி 52,000 என்று பேசினோம், ஆக நிறுத்திவைத்தது 5,200. கான்ட்ராக்டர் முனகினார். முன்பணம் இல்லாமல் ஆட்களுக்கு முதல் வாரக் கூலி எப்படிக் கொடுப்பேன் என்று கேட்டார். நியாயம்தான். அதனால் வெள்ளிக்கிழமைதோறும் ஆட்களின் கூலியை மட்டும் கொடுத்து, கட்டப் பணத்தில் கழித்துக்கொண்டோம்.

வேலை பிப்ரவரியில், தைப்பூசக் காவடி முடிந்த கையோடு தொடங்கியது. பழைய சுவரை இடித்தபோது பார்த்தேன், ஒன்பது நாள் சுவரின் அஸ்திவாரம் 300 மில்லிமீட்டர் அகலம்கூட இல்லை. புதிதுக்கு 1.2 மீட்டர், மண்பக்கமாக நீட்டி. ஏன் மண்பக்கம் என்றால், மேலே விழுகிற மண்ணின் எடையே அடித்தளத்தை மிதித்துப் பிடித்துக்கொள்ளும். அப்பா பாஷையில் சொன்னால், சுவர் தன் வேட்டியை மண்ணுக்கடியில் சொருகிக்கொண்டு நிற்கிறது.

பிளாக் 190 மில்லிமீட்டர். ஒரு சதுர மீட்டருக்கு 12.5 பிளாக், 20 சதுர மீட்டருக்கு 250, உடைசலுக்குச் சேர்த்து 265 வாங்கினேன், 6 மிஞ்சியது. பிளாக்கின் உள்ளே ஒன்றுவிட்ட ஒவ்வொரு குழியிலும் Y12 என்று இங்கே சொல்கிற 12 மில்லிமீட்டர் கம்பி, எல்லாக் குழியிலும் கான்கிரீட். கலவைக்கு ஒரு சிமெண்ட் மூட்டைக்கு மூன்று தள்ளுவண்டி மணல், அதற்கு மேல் போட்டால் எனக்குத் தெரிந்துவிடும் என்று மேஸ்திரிக்கும் தெரிந்துவிட்டது. தள்ளுவண்டி எப்படி அளவாகும் என்று ஊரில் சிரிப்பார்கள். இங்கே கட்டட வண்டி 65 லிட்டர், இரண்டு மூட்டை சிமெண்ட் சரியாக ஒரு வண்டி.

என் பங்குக்கு ஒரு மடத்தனமும் செய்தேன். மூன்றாம் நாள் காலை, ஆட்கள் வருவதற்கு முன் பிளாக்குகள்மேல் ஹோஸ் பிடித்து நன்றாக நனைத்து வைத்தேன், ஊரில் செங்கலை ஊறவைத்துத்தானே கட்டுவோம். மேஸ்திரி ஒரு வயதான சூலு மனிதர், எல்லாரும் பாபா என்போம். வந்து பார்த்தார், இடுப்பில் கை வைத்து நின்றார், ஆட்களைப் பார்த்து ஏதோ சொன்னார், எல்லாரும் சிரித்தார்கள். அப்புறம்தான் விளக்கினார். செங்கல் தண்ணீரைக் குடிக்கும், அதனால் நனைக்க வேண்டும். கான்கிரீட் பிளாக் நனைந்தால் உப்பி, காயும்போது சுருங்கும், சுவர் கட்டிய பிறகு சுருங்கினால் விரிசல். நனைந்ததை ஒதுக்கி வெயிலில் காயவைத்துவிட்டு, அன்று முழுக்கக் கம்பி வேலை பார்த்தார்கள். அரை நாள் கூலி என் தலையில். அன்று மதியம் எல்லாருக்கும் பீன்ஸ் பன்னி சௌ (ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பு ஊற்றித் தருவது) வாங்கிக் கொடுத்தேன், சண்டை தீர்ந்தது.

இனி வடிகால், இதுதான் முழு வேலையின் உயிர். கான்கிரீட் நிரப்பி 14 நாள் ஆகாமல் பின்னால் ஒரு கூடை மண்கூடக் கொட்டக்கூடாது என்பது எஞ்சினியர் உத்தரவு. அந்த 14 நாளும் சுவரின் மண்பக்கம் பிட்டுமென் என்கிற தார்ப்பூச்சை இரண்டு கோட்டு அடித்தோம். பிறகு சுவரின் அடியில் துளையிட்ட 110 மில்லிமீட்டர் குழாய், 11 மீட்டருக்கு 11 சென்டிமீட்டர் சரிவு. பாபாவின் ஆள் கண் அளவில் வைத்துவிட்டான். நான் டியூப் மட்டம் பிடித்துப் பார்த்தபோது நடுவில் தொட்டில் மாதிரி தொங்கியது. அந்த இடத்தில் வண்டல் தேங்கி இரண்டு வருடத்தில் அடைத்துக்கொள்ளும். எடுத்து மறுபடி வைத்தார்கள். குழாயைச் சுற்றியும் சுவர் நெடுக 300 மில்லிமீட்டர் அகலத்துக்கும் 19 மில்லிமீட்டர் ஜல்லி. ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவில் பிடிம் துணி, தண்ணீரை விட்டு மண்ணை நிறுத்துகிற வடிகட்டித் துணி. அது இல்லாவிட்டால் செம்மணல் ஜல்லிக்குள் புகுந்து ஒரே மழையில் அடைத்துவிடும், பிறகு வடிகாலே இல்லாத சுவர்தான். துணி தீர்ந்து கடைசி ஒன்றரை மீட்டருக்குப் பற்றவில்லை, அந்த இடத்தில் சிமெண்ட் பையைப் போட்டுவிடலாம் என்றார் கான்ட்ராக்டர். நல்ல மனிதர், ஆனாலும் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு யாரும் அப்படித்தான். மூன்றாவது கட்டப் பணம் கவரில் என் கையில் இருந்தது, நான் ஒன்றும் சொல்லவில்லை, கவரைத் திரும்பக் கைப்பைக்குள் வைத்தேன். திங்கட்கிழமை துணி வந்தது.

மண்ணை 150 மில்லிமீட்டர் அடுக்கடுக்காகப் போட்டு இடித்தார்கள். முன்பக்கம் ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாக ஏழு வீப் ஹோல். அடிக்குழாயின் தண்ணீர் தெருவின் மழைநீர் வடிகாலுக்குப் போகிறது, சாக்கடைக்கு அல்ல. மேல்வீட்டு ஆன்ட்டியின் கூரைத் தண்ணீர் நேராக எங்கள் மண்மேல் விழுந்துகொண்டிருந்தது, அவரிடம் ஒரு டப்பா அதிரசத்துடன் போய்ப் பேசிக் குழாயைத் திருப்பிவிட்டோம், குழாய்ச் செலவு எங்களுடையது. மொத்தக் கணக்கு: கூலி 52,000, பொருள் 44,300, எஞ்சினியர் 9,000, முனிசிபாலிட்டிக் கட்டணமும் குப்பை அள்ளியதும் தனி. முதல் சுவருக்குப் போன 24,000த்தை அத்தை கணக்கில் சேர்க்க விடமாட்டார்.

அந்த 24,000 என்ன ஆனது என்று கேட்பீர்கள். சிறு வழக்கு மன்றம் ஒன்று இருக்கிறது, 20,000 ரேண்ட் வரைக்கும்தான், வக்கீல் வைக்க முடியாது, நாமே பேச வேண்டும். 4,000த்தை விட்டுவிட்டு 20,000க்குக் கேட்டேன். முதலில் 14 நாள் கெடு வைத்து ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். கடிதம் போனதும் ஆள் அத்தையைப் பார்க்க வந்தார், கண்ணீர் விட்டார், மாதம் 2,000 வீதம் 12,000 தருவதாக எழுதிக் கொடுத்தார். நான் விசாரணைக்கே போயிருப்பேன், அத்தை கேட்டுக்கொண்டதால் ஒப்புக்கொண்டேன். நாலு மாதம் கொடுத்தார். இப்போது கோயிலில் பார்த்தால் இருவரும் வேறு வேறு சந்நிதிக்குப் போய்விடுகிறோம்.

நிறுத்திவைத்த 5,200ஐக் கொடுக்கிற தேதிக்குப் பத்து நாள் முன்னால் இரண்டு நாள் விடாத மழை. ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச்சும் குடையுமாகப் பின்னால் போய் நின்றேன். முதல் வீப் ஹோலில் கலங்கலாக வந்தது, பிறகு தெளிந்தது. ஒவ்வொன்றாகச் சொட்டத் தொடங்கி ஆறு வீப் ஹோலிலும் வந்துவிட்டது, ஏழாவதில் மட்டும் ஒரு சொட்டு இல்லை. ஊரில் அப்போது விடியற்காலை, அண்ணனுக்கு வீடியோ போட்டேன். கேமராவைக் கீழே காட்டச் சொன்னான், காட்டினேன், கொஞ்ச நேரம் பார்த்தான். "ஏழாவதுதானே மேட்டுப் பக்கம்? அங்க வந்தாத்தான் தப்பு. போய்ப் படு" என்றான்.